உன் இஷ்டம்

சோதனைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் காலையிலிருந்து ஒரே வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். குளிரூட்டிய அறையில், சுழல் நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்துதான் இருந்தார்கள். நின்றது திரைக்குள்.

அந்த வீடியோ கேமுக்குத் 'திறந்த நகரம்' என்று பெயர். அதில் கதை கிடையாது, எதிரி கிடையாது, செய்தே தீர வேண்டும் என்று எதுவும் கிடையாது. ஆடுகிறவர் ஒரு வீட்டில் கண் விழிப்பார். வாசலில் ஓர் அம்மா நிற்பார். அவர் ஒரே ஒரு வரி பேசுவார். உடனே கதவு திறக்கும். வெளியே ஒரு நகரமே காத்திருக்கும். நீதிபதி ஆகலாம், திருடன் ஆகலாம், சாமர்த்தியம் இருந்தால் ஒரே நாளில் இரண்டும் ஆகலாம். பாலம் கட்டலாம். கட்டிய பாலத்தின் மேல் படுத்துத் தூங்கலாம். சமூகம் கொடுக்காத, பள்ளிக்கூடம் கொடுக்காத சுதந்திரத்தை நாம் கொடுக்கிறோம் என்று கம்பெனியின் மேலாளர் அம்மா அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது அலுவலகத்தில் எல்லோரும் கை தட்ட வேண்டும்.

மற்ற மொழிகளில் ஆடியவர்கள் கதவு முழுதாகத் திறக்கும்வரை பொறுக்கவில்லையாம். ஒருவர் மதியத்துக்குள் வங்கியைக் கொள்ளையடித்து, தேர்தலில் நின்று, மேயராகி, அந்தக் கொள்ளையை விசாரிக்க ஒரு கமிட்டியும் போட்டுவிட்டார் என்று தலைமையகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. தமிழில் ஆடியவர்கள் வாசற்படியைத் தாண்டவில்லை.

விளையாட்டைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பாளர் முதலில் இதை மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தார். கம்ப்யூட்டர்களை நிறுத்திப் போடச் சொன்னார். மறுபடியும் எல்லோரும் கண் விழித்து, வாசலுக்கு வந்து, நின்றார்கள். ஒரு பல் டாக்டரின் தோளுக்கு மேலாக அவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் திரையில் அந்த அம்மாவின் எதிரே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்ன டாக்டர், கதவு திறந்திருக்கே. போகலையா?"

"எப்படி சார் போறது? அந்தம்மா கோவமா இருக்காங்க."

"கோவமா? சிரிச்சுக்கிட்டுல்ல இருக்காங்க?"

"அதான் சார் பயமா இருக்கு."

அந்த அம்மா பேசும் ஒற்றை வரியை மொழிபெயர்ப்பாளர் மிகவும் பாடுபட்டு எழுதியிருந்தார். மூலத்தில் அது நீளமான வாக்கியம். போ, இரு, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு, உன் வாழ்க்கை உன் கையில் என்றெல்லாம் வளர்ந்துகொண்டு போனது. அதை அவர் உருட்டித் திரட்டி இரண்டே சொல்லில் அடக்கியிருந்தார்: "உன் இஷ்டம்."

அவர் அதற்காக எங்கும் தேடிப் போகவில்லை. வீட்டில் நாள்தோறும் புழங்குகிற சொல்தான்.

மொழிபெயர்ப்பாளரின் அப்பா, மகனுக்கு வகிடு எந்தப் பக்கம் எடுப்பது என்பதிலிருந்து என்ன படிப்பது என்பதுவரை எல்லாவற்றையும் தாமே முடிவு செய்தவர். பெண்ணையும் அவரே பார்த்தார். அது ஒன்றுதான் சரியாக அமைந்தது, அதுவும் நீடிக்கவில்லை. மனைவி போன பிறகு மகளைத் தனியாக வளர்த்த மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். இந்தப் பிள்ளையின் தேர்வு எதிலும் தாம் மூக்கை நுழைப்பதில்லை. எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. அலமாரியில் பணம் இருக்கும். எதற்கு எடுத்தாய் என்று கேட்பதில்லை. கேள்வி என்பதே பாதிக் கட்டளை என்பது அவருடைய கொள்கை.

இப்போது மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அடுத்து என்ன படிப்பது என்பதுதான் வீட்டில் இருந்த ஒரே பெரிய விஷயம். தேர்வு முடிவு வந்த அன்றைக்கே அவள், "அப்பா, காலேஜ் விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். அவர் போக்குவரத்துக் காவலர் மாதிரி உள்ளங்கையைக் காட்டி, அன்பு சொட்டச் சொட்ட, "உன் இஷ்டம்மா" என்றார். அதற்குப் பிறகும் அவள் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கை உயர்ந்தது, அதே சொல் வந்தது. அப்படிச் சொல்லிவிட்டுப் படுக்கிற நாட்களில் அவருக்குத் தம்மைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம் இருக்கும்.

"அதுல கோவம் எங்க டாக்டர் இருக்கு?" என்று அவர் கேட்டார்.

பல் டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நான் சோபா வாங்கணும்னு சொன்னப்ப எங்க வீட்டுல 'உங்க இஷ்டம்'னாங்க. வாங்கிட்டேன். அந்த சோபாவுல இன்னைக்கு வரைக்கும் நான் ஒருத்தன்தான் உக்கார்றேன்."

பக்கத்துத் திரையில் ஒரு தையல்காரர் சும்மா நிற்கவில்லை. அம்மாவின் கோபம் தணியட்டும் என்று வீட்டுக்குள்ளே துடைப்பத்தைத் தேடி எடுத்து, கூடம் முழுக்கப் பெருக்கி, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். அந்த வீட்டில் துடைப்பம் இருக்கிறது என்பதையே அதை வரைந்தவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஆட்டம் நின்ற மணிகளை அல்ல. இரண்டு மாதமாக அவர் வீட்டில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து இதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். சில வாரமாகவே அவள் இப்படித்தான் அசந்து போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடிவெடுக்கப் பயந்து பயந்து பிள்ளை இளைத்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். மேஜையில் கிடந்த செய்தித்தாளில், மிச்சமிருக்கும் இடங்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையோடு கல்லூரிச் சேர்க்கை முடிகிறது என்று பெரிய எழுத்தில் விளம்பரம் இருந்தது. வெள்ளிக்கிழமை தாண்டினால் ஒரு வருஷம் போச்சு.

அவளை மெதுவாக எழுப்பினார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த புது வாக்கியத்தைச் சொன்னார்.

"உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்ம்மா."

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "சரிப்பா" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதே வாக்கியத்தை விளையாட்டில் ஏற்றினார். முதல் நாளே தேவலை என்று ஆகிவிட்டது. அந்தம்மா வீட்டை விட்டுப் போகப் போகிறார்களா என்று பல் டாக்டர் கவலையோடு விசாரித்தார். தையல்காரர் பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கி, துடைத்து, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். விளையாட்டில் பசி என்று ஒன்று இருந்ததால் மதியத்துக்குள் அவருக்கு மயக்கமும் வந்தது.

சரி, வயதுக்கு மரியாதை கொடுத்துப் பார்க்கலாம் என்று, "நீ பெரிய ஆளாயிட்ட. நீயே முடிவு பண்ணிக்க" என்று மாற்றினார். அதைப் படித்த வங்கியில் காசாளராக இருக்கும் ஒரு பெண் காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய், தம்முடைய நிஜ அம்மாவுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று அந்த அம்மா கேட்க, இவர் பழசு ஒன்றைச் சொல்ல, அது அதுவரை அந்த அம்மாவுக்குத் தெரியாத விஷயமாக இருந்ததால், அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இந்த வாக்கியத்தையும் அவர் முந்தின ராத்திரியே வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தார். மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் எழுதாத வாக்கியம் இல்லை. 'தாராளமாகப் போ' என்று எழுதிப் பார்த்தார். 'உன்னை யார் தடுத்தார்கள்' என்று எழுதிப் பார்த்தார். 'நான் யாரு உனக்குச் சொல்றதுக்கு' என்று எழுதியபோது அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டார். தமிழில் இன்னொருவருக்குச் சுதந்திரம் கொடுக்கிற வாக்கியம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சண்டையின் கடைசி வாக்கியமாக இருந்தது. இத்தனை வருஷம் மொழிபெயர்த்துச் சாப்பிட்டவருக்கு இது புதுச் செய்தி.

மேலாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"எப்படி வேணும்னாலும் பண்ணுங்க சார். உங்களுக்கு முழுச் சுதந்திரம். செவ்வாய்க்கிழமைக்குள்ள அவங்க வெளிய போகணும். இல்லேன்னா தமிழையே எடுத்துடச் சொல்லித் தலைமையகத்துல சொல்லிட்டாங்க."

அறையை விட்டு வெளியே வந்தபோது, மேலாளர் தம் மேல் கோபமாக இருக்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கோபமாகத்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை. தையல்காரர் நாலாவது தடவையாகக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க மொழிபெயர்ப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் உட்கார்ந்து, அந்த அம்மாவின் வாயில் புதிதாக ஒரு வரியைத் திணித்தார்.

"வாசலைத் தாண்டினே, காலை ஒடிச்சுடுவேன்."

அறை ஒரு கணம் அப்படியே உறைந்தது. அடுத்த கணம் எல்லோரும் வெளியே இருந்தார்கள். வாசலை அம்மா மறித்துக்கொண்டிருந்ததால் சிலர் ஜன்னல் வழியாகப் போனார்கள். பல் டாக்டர் கூரை ஏறிக் குதித்தார். தையல்காரர் போகிற அவசரத்தில் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளையாட்டில் ஜன்னல் திறக்கும் என்பதையும் அதை வரைந்தவர்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் வெளியே போனவர்கள் தெருவில் நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு பலகை வைத்தார்: 'இறங்கக் கூடாது.' மொத்தக் கூட்டமும் ஆற்றில் இறங்கியது. நகரமே காலியாகி, ஆறு கரை கொள்ளாமல் திணறியது. அதனால் அவர் தடைகளைப் பாரபட்சமில்லாமல் ஊர் முழுக்கப் பரப்பினார். நூலகத்தில் படிக்கக் கூடாது. புறா வளர்த்தால் தண்டனை. பாலம் கட்டுவது கடுங்குற்றம். பிறகு பார்க்க வேண்டுமே. நூலகத்தில் இடம் கிடைக்காமல் படிக்கட்டிலெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே தேவைக்கு மேல் பாலங்கள் முளைத்தன. பல் டாக்டரிடம் மட்டும் ஒரு தெருவையே மறைக்கிற அளவுக்குப் புறா இருந்தது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டுபிடித்து, திருட்டுத்தனமாக, மிகுந்த சந்தோஷத்தோடு செய்துகொண்டிருந்தார்கள்.

மேலாளர் அம்மா கை தட்டினார். அவர் தட்டி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பாளர் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது தரையில் கால் பாவவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. இவ்வளவு நாளாகத் தப்பு தம்முடையதுதான். பிள்ளைக்குச் சுதந்திரத்தைக் கையில் கொடுத்தால் அது எப்படி வாங்கும்? திருடிக்கொள்ள ஏதுவாக வைத்தால்தானே எடுக்கும்?

மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். கடுமையான முகம் அவருக்குப் பழக்கமில்லை; அப்பாவின் முகத்தை ஞாபகப்படுத்தி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு செய்தித்தாளை விரித்து, இன்ஜினியரிங் எடுக்கக் கூடாது என்றார். மகள் சரி என்றாள். சட்டம் படிக்கக் கூடாது, வக்கீல் தொழில் நம் குடும்பத்துக்கு ஆகாது என்றார். அதற்கும் சரி என்றாள். கணக்கு, வேதியியல், கட்டடக்கலை என்று அவர் விளம்பரம் முடியும்வரை தடை செய்துகொண்டே போனார். எதற்கும் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எந்தப் பெயருக்காவது கண் மின்னினால் பிடித்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் வேறு வழியில்லாமல் பெரிய பலகையையே தூக்கி வைத்தார்.

"முடிவாச் சொல்றேன். இனிமே நீ காலேஜ் பக்கமே போகக் கூடாது."

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "நாளையிலேருந்தா?"

"நாளையிலேருந்து."

"இவ்வளவு தூரம் வந்தப்புறம் திடீர்னு ஏன்ப்பா?"

"காரணமெல்லாம் கேக்காதே. சொன்னா சொன்னதுதான்."

அவள் கண் நிறைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு உள்ளுக்குள் குதூகலம். சோதனை அறையிலும் இப்படித்தான் ஒரு கணம் எல்லாம் உறைந்தது. அடுத்த கணம் ஜன்னல் வழியாகப் பாய்ந்தார்கள். "சரிப்பா" என்று அவள் எழுந்து போனாள். படுக்கப் போகுமுன் அவர் வீட்டு ஜன்னல்களின் கொக்கிகளையெல்லாம் எடுத்துவிட்டு வைத்தார். பாய்கிற பிள்ளைக்கு முழங்கை இடித்துவிடக் கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது, மகள் வீட்டில்தான் இருந்தாள். கூடம் பெருக்கியிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குத் தையல்காரரின் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். கூடம் துடைத்தே இருந்தது. மகள் அலமாரியின் மேல் தட்டில் யாரும் தொடாத டப்பாக்களை இறக்கி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தடையில் சூடு போதவில்லையோ என்று, தெருமுனைவரை போகவும் தடை போட்டார். அவள் தெருமுனைக்கும் போகவில்லை. விளையாட்டில் இப்படி ஒருவர் நடந்துகொண்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சேர்க்கை ஐந்து மணிக்கு முடியும். நாலு மணிக்கு மொழிபெயர்ப்பாளர் முகத்திலிருந்து அப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்த மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, போகக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னா உனக்குக் கோவமே வராதா? எகிறிக் குதிச்சுப் போகணும்னு தோணாதா?"

மகள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பொறந்ததுலேருந்து நீங்க என்கிட்ட எதையும் வேண்டாம்னு சொன்னதில்லப்பா. நான் என்ன கேட்டாலும் என் இஷ்டம்னுதான் சொல்லியிருக்கீங்க. நானும் அதை நம்பி என் இஷ்டப்படிதான் இருந்தேன். இப்ப முதல் தடவையா ஒண்ணு கூடாதுங்கிறீங்க. ஏதோ பெரிய காரணம் இல்லாம நீங்க சொல்வீங்களா?"

"அப்போ நான் 'உன் இஷ்டம்'னு சொன்னப்ப கோவமா சொல்றேன்னு நீ நினைக்கலையா?"

"கோவமா? எதுக்குப்பா கோவம்? என் இஷ்டம்னா என் இஷ்டம்தானே?"

ஊரில் அந்தச் சொல்லை உள்ளபடியே புரிந்துகொண்ட ஒரே ஜீவன் தம் வீட்டுக்குள்ளேயே இருந்தது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. இப்போது போ என்று சொன்னால் அது கட்டளை. போகாதே என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. மிச்சமிருப்பது அந்தப் பழைய இரண்டு சொல்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் மணி அடித்தது.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். தெருமுனையில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்து, மகளைக் கண்டதும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"கால்நடை மருத்துவக் காலேஜ் வண்டி ஓட்டுறவன் சார், பாப்பா சேர்ந்து இந்த ஒரு மாசமா ஒரு நாள்கூட வண்டியைத் தவறவிட்டதில்ல, இப்ப மூணு நாளா ஆளைக் காணோமா, பாப்பா பொறுப்புல விட்டிருந்த கழுதை யார் தீனி வெச்சாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது."